மெட்டல் டிடெக்டருக்கு எத்தனை அங்குலக் காயில்?

மண்ணில் தேடும் மெட்டல் டிடெக்டரை வாங்கியவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வி கேட்பார்கள்: "இதைவிடப் பெரிய காயில் மாட்டினால் இன்னும் ஆழத்தில் இருப்பதைக் காட்டுமா?" காட்டும். எவ்வளவு கூடுதலாகக் காட்டும், அதற்கு ஈடாக எதை இழக்கிறோம் என்பதுதான் விஷயம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பெரிய காயில் ஆசை பாதி அடங்கிவிடும்.

கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் நாம் நுழைந்து போகும் சட்டமும் மெட்டல் டிடெக்டர்தான். இங்கே பேசுவது வேறு வகை. நீளமான தண்டு, கைப்பிடிக்கு மேலே திரையும் பொத்தான்களும், அடியில் தரையை ஒட்டி நகரும் தட்டையான வளையம். பிரிட்டனில் உழுத வயல்களில் பழைய நாணயம் தேடுபவர்களும் ஆஸ்திரேலியாவில் தங்கக்கட்டி தேடுபவர்களும் கையில் வைத்திருப்பது இதைத்தான். அந்த வளையத்தின் பெயர்தான் காயில். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் செப்புக் கம்பிச் சுற்றுகள் இருக்கும். 6, 11, 15 அங்குலம் என்றெல்லாம் சொல்வது வளையத்தின் விட்டத்தை. "15க்கு 12" என்றால் நீள்வட்டம்.

வளையத்துக்குள் என்ன நடக்கிறது?

பெரும்பாலான கருவிகளில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று அனுப்பும் சுற்று. அதில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடி, தரைக்குள் ஒரு காந்தப்புலத்தை இறக்குகிறது. அந்தப் புலத்தில் ஒரு நாணயம் அகப்பட்டால், நாணயத்துக்குள் சின்னச் சின்ன மின்னோட்டங்கள் சுழலத் தொடங்கும். அவை தம் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். மேலே காத்திருக்கும் வாங்கும் சுற்று அதைப் பிடித்ததும் காதில் ஒலி கேட்கும்.

தத்துவம் பழையது. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படியொரு கருவியைச் செய்து எடுத்துப்போனார். குண்டு அகப்படவில்லை. கட்டிலில் இருந்த இரும்பு ஸ்பிரிங்குகள் குறுக்கிட்டதும், ஒரு பக்கத்தில் மட்டுமே தேட மருத்துவர் விட்டதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. தேடும் பொருளுக்கு அருகே வேறு இரும்பு கிடந்தால் கருவி தடுமாறும் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. காயில் அளவுப் பிரச்சினையில் முக்கால் பங்கு இதுதான். அதற்கு முன் ஆழக் கணக்கை முடித்துவிடுவோம்.

ஆழம்: காகிதத்தில் ஒரு கணக்கு

காயிலிலிருந்து தள்ளிப் போகப்போகக் காந்தப்புலம் வேகமாக நலியும். காயிலின் அளவைவிட நன்றாகத் தள்ளிப்போன பிறகு, தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். நாணயத்திலிருந்து திரும்பி வரும் சிக்னலும் அதே வழியில்தான் வர வேண்டும், அதுவும் எட்டில் ஒரு பங்கு. ஆகமொத்தம் ஆழம் இரட்டித்தால் காதுக்கு வருவது அறுபத்து நான்கில் ஒரு பங்கு. எந்தக் கம்பெனியும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது. சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, கொஞ்சம் ஏற்றினால் ஆழம் கொட்டும் என்று நினைப்பவர்கள் இந்த 64-ஐ நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய வளையத்தின் புலம் இவ்வளவு சீக்கிரம் நலியாது. ஆழம் கூடுவது அதனால்தான். எவ்வளவு கூடும்? மின்னோட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, மண் எதுவும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு வட்டக் காயில்களுக்குத் தோராயமாகக் கணக்குப் போடலாம். 11 அங்குலக் காயிலுக்கு 20 செ.மீ. ஆழத்தில் ஒரு நாணயம் மங்கலாகக் கேட்கிறது என்றால், அதே மங்கல் ஒலி 15 அங்குலக் காயிலுக்கு ஏறக்குறைய 23 செ.மீ.யில் கிடைக்கும். 6 அங்குலக் காயிலுக்கு 14 செ.மீ.யில்.

அதாவது பெரியதுக்கு மாறினால் கிடைக்கும் லாபம் மூன்று செ.மீ., இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அதுவும் மண் எந்த இடைஞ்சலும் செய்யாத கற்பனை உலகத்தில். வாளி, பானை, பெரிய தங்கக்கட்டி போன்ற பருத்த பொருட்களுக்கு லாபம் இதைவிட அதிகம். அவை காயிலைவிட நன்றாகக் கீழே இருந்தாலும் கேட்கும், அந்தத் தூரத்தில்தான் பெரிய வளையத்தின் பலம் முழுசாகத் தெரியும். ஆனால் சட்டைப்பொத்தான் அளவு நாணயத்துக்காக 15 அங்குலம் வாங்குபவர் அந்த மூன்று செ.மீ.க்குத்தான் பணம் கட்டுகிறார்.

மேலாகக் கிடக்கும் துணுக்குகளுக்கோ கணக்கு தலைகீழ். மூன்று செ.மீ. ஆழத்தில் ஓர் அரிசி அளவு தங்கத் துணுக்கு இருந்தால், 6 அங்குலக் காயிலுக்குக் கிடைக்கும் சிக்னல் 11 அங்குலக் காயிலுக்குக் கிடைப்பதைப்போல் இரண்டரை மடங்கு. 15 அங்குலத்தோடு ஒப்பிட்டால் நான்கு மடங்குக்கும் மேல். சின்ன வளையத்தில் புலம் ஒரே இடத்தில் செறிந்து நிற்கிறது, பெரியதில் பரந்து விரிந்துவிடுகிறது. மைன்லேப் கம்பெனியின் கோல்ட் மான்ஸ்டர் 1000 என்ற தங்கம் தேடும் கருவியோடு 10க்கு 6 அங்குல நீள்வட்டக் காயிலும் 5 அங்குல வட்டக் காயிலும் தருவது இதனால்தான். அது 45 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, அந்த உயர் அதிர்வெண்ணும் சின்னத் தங்கத்துக்காகவே. குறைந்த அதிர்வெண்ணில் ஓடும் கருவிக்குச் சின்னக் காயிலை மாட்டிவிட்டால் அது தங்கக் கருவியாகிவிடாது.

குப்பைதான் உண்மையான எதிரி

பிரிட்டனில் ரோமானியர் குடியிருந்த இடம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மரவீடுகள் மட்கிப்போய் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆணிகள் மட்கவில்லை. ஒரு காலடி எடுத்து வைக்கும் இடத்தில் நாலைந்து துரு ஆணிகள் கிடக்கலாம், அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளி நாணயம். 15 அங்குலக் காயிலை அதன்மேல் கொண்டுபோனால் ஆணிகளும் நாணயமும் ஒரே நேரத்தில் புலத்துக்குள் வந்துவிடும். கருவியால் அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் கலந்து ஒரே சிக்னலாகத்தான் வரும். இரும்பை ஒதுக்கச் சொல்லி டிஸ்கிரிமினேஷனை வேறு போட்டிருந்தால், இரும்பின் குரல் ஓங்கி இருப்பதால் கருவி வாயே திறக்காது. நாணயத்தின் மேலேயே காயிலை ஓட்டிவிட்டு, ஒன்றும் இல்லை என்று நடந்து போய்விடுவோம்.

திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் அவர் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்கிறோம், பந்தலுக்கு மேலே மைக் கட்டுவதில்லை. 6 அங்குலக் காயில் செய்வதும் அதுதான். ஆணிக்கும் நாணயத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தால், ஒவ்வொன்றாக அதன் கீழே வரும். ஆழம் ஐந்தாறு செ.மீ. குறையும். ஆனால் 20 செ.மீ.யில் இருக்கும் நாணயத்தை ஆணி மறைத்துவிட்டது என்றால் அந்த ஆழத்தால் என்ன பயன்?

'இந்த வயலை எல்லாரும் தேடி முடித்துவிட்டார்கள்' என்று சொல்லப்படும் இடங்களில் சின்னக் காயிலோடு போகிறவர்களுக்கு மறுபடியும் பொருள் கிடைப்பதன் ரகசியம் இது. முன்னே போனவர்கள் விட்டது ஆழத்தில் இருந்ததை மட்டுமல்ல, ஆணிக்கு அருகில் மேலாகவே கிடந்ததையும்தான். பூங்கா, பழைய சந்தைத்திடல், சோடா மூடியும் குளிர்பான டின்னின் இழுப்பு வளையமும் மிதிபட்டுக் கிடக்கும் கடற்கரையின் காய்ந்த மணல், எல்லா இடத்துக்கும் இதே நியாயம். புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் தேடுவார். அதனால் இரண்டாவதாக ஒரு காயில் வாங்குவதாக இருந்தால் அது சின்னதாக இருக்கட்டும் என்பது என் கட்சி. கடைகளில் எதிர்க்கட்சிக்குத்தான் ஆதரவு அதிகம்.

பெரிய காயிலுக்கு வேலை இல்லாமல் இல்லை. பல ஏக்கர் உழுத வயல், குப்பை குறைவு, மண் சாது. அங்கே 15 அங்குலம் ஒவ்வொரு வீச்சிலும் அகலமான பட்டையைத் தேடிக்கொண்டே போகும், அதே நேரத்தில் கூடுதல் இடத்தைப் பார்த்துவிடலாம். உண்மையில் அதன் பெரிய லாபம் ஆழத்தைவிட இந்த அகலம்தான்.

மண்ணும் ஒரு உலோகம் மாதிரிதான்

மண் எல்லா ஊரிலும் ஊமையாக இருப்பதில்லை. இரும்புத் தாது ஏறிய சிவந்த மண்ணும் இரும்புக்கல் சரளையும் தாமே சிக்னல் கொடுக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா தங்க வயல்கள் இதற்குப் பேர்போனவை. காயில் பெரிதாகப் பெரிதாக அதன் கீழே அகப்படும் மண்ணின் அளவும் ஏறும், மண்ணின் இரைச்சலும் ஏறும். கருவி கத்திக்கொண்டே இருக்கும். வேறு வழியில்லாமல் சென்சிட்டிவிட்டியை இறக்குவோம். மேலே கணக்குப் போட்ட அந்த மூன்று செ.மீ. அங்கேயே கரைந்துவிடும். மோசமான மண்ணில் 6 அங்குலக் காயில் 11 அங்குலத்தைவிட ஆழமாகக் காட்டுவதும் உண்டு. ஈரமான கடல் மணலும் அப்படித்தான். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், கருவி அதையே பொருள் என்று எண்ணும். மின்கம்பிக்குக் கீழே தேடும்போதும் பெரிய வளையம் அதிக இரைச்சலை வாங்கும்.

இந்த மண்ணுக்கென்றே பல்ஸ் இண்டக்ஷன் என்ற வேறு வகைக் கருவி இருக்கிறது. தொடர்ந்து அலை அனுப்பாமல், துடிப்பாக அனுப்பி நிறுத்திவிட்டு, அடங்கும் எதிரொலியைக் கவனிக்கும். தாது மண்ணை அதனால் பெருமளவு சமாளிக்க முடிகிறது. ஆகவே 17க்கு 13 அங்குலம் போன்ற பெரிய காயில்களுக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது. தொடக்கநிலை ஆளுக்கு அந்தக் கருவிகளின் விலையே நெஞ்சைப் பிடிக்க வைக்கும், எனவே இத்தோடு விடுவோம்.

வடிவத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. காயில் பெட்டியில் 'டிடி' என்று போட்டிருந்தால், உள்ளே இரண்டு சுற்றுகள் ஆங்கில எழுத்து 'டி' (D) வடிவில் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கின்றன என்று பொருள். அது தேடும் இடம் முன்னிருந்து பின்னாக ஓடும் ஒடுங்கிய பட்டை. பக்கவாட்டில் வீசும்போது அக்கம்பக்கத்துப் பொருட்களை நன்றாகப் பிரிக்கும், தாது மண்ணையும் பொறுத்துக்கொள்ளும். 'கான்சென்ட்ரிக்' என்றால் பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம். அதன் புலம் கீழே போகப்போகக் கூம்பாக ஒடுங்கும், அதனால் ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் பாதிக்குப் பாதி படிய வேண்டும். நல்ல மண்ணில் பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். இப்போது விற்கும் பல கருவிகளில் டிடிதான் வருகிறது. நீள்வட்டக் காயிலில் பொருட்களைப் பிரிக்கும் திறமை அதன் குறுகிய அகலத்தைப் பொறுத்தது. 10க்கு 5 என்பது ஐந்தாறு அங்குலக் காயிலைப்போல் பிரிக்கும், ஆனால் நீளத்தால் அதிக இடம் பார்க்கும். பாறை இடுக்கு, அறுவடை முடிந்த தாள்களுக்கு இடைப்பட்ட வரிசை போன்ற இடங்களில் இது தனி வசதி.

அவ்வளவு ஆழம் எதற்கு?

பெயர்பெற்ற கண்டுபிடிப்புகளைப் பார்த்தால் இந்த ஆழப் பைத்தியம் விசித்திரமாகத் தெரியும். மெட்டல் டிடெக்டரால் கிடைத்தவற்றுள் மிகப்பெரிய தங்கக்கட்டிகளில் ஒன்றான 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்', 1980-இல் விக்டோரியாவின் கிங்கோவர் அருகே கிடைத்தது. எடை 27 கிலோவுக்கும் மேல். அது இருந்த ஆழம் வெறும் ஓர் அடி. 1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னி கிராமத்தில் எரிக் லாஸ் என்பவர் நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போய், ஏறக்குறைய 15,000 ரோமானிய நாணயங்களும் தங்க நகைகளும் அடங்கிய புதையலைக் கண்டார். சுத்தியலும் பிறகு அகப்பட்டது, இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது! லாஸ் செய்த நல்ல காரியம், தோண்டுவதை நிறுத்திவிட்டு உடனே சொல்லியனுப்பியது. தொல்லியலாளர்கள் வந்து அடுக்கு குலையாமல் எடுக்க முடிந்தது.

பிரிட்டனில் பொறுப்பாகத் தேடுபவர்களுக்கான நடத்தை விதிகளும் ஏர் கலைத்த மண்ணுக்குக் கீழே போகாதே என்கின்றன. அதற்குக் கீழே இருப்பது கலையாத வரலாறு. உழவு ஆழம் பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதையல் என்று கருதப்படும் பொருள் கிடைத்தால் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

நம் ஊரில் சட்டம் இன்னும் கறார். இந்தியப் புதையல் சட்டம் 1878-இலேயே வந்தது. மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதையும் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் பக்கம் கருவியோடு போகவே கூடாது. இலங்கையிலும் அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். மோதிரம் தொலைத்த தோட்டம், நில உரிமையாளர் ஒப்புக்கொண்ட வயல் என்ற அளவில் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

காயில் அளவு உயிர்ப் பிரச்சினையாகும் இடமும் ஒன்று உண்டு. இலங்கையின் வடக்கில் முகமாலை போன்ற இடங்களில் ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் பலர் தமிழர்கள், அவர்களில் பெண்களும் நிறைய. பிளாஸ்டிக் உடலும் மிகச் சிறிதளவே உலோகமும் கொண்ட மிதிவெடிகளைத் தேட, அடக்கமான வளையம் கொண்ட கருவிகளே உதவும். துளி உலோகம் தவறிவிடக் கூடாது. லாவோஸில் ஆழத்தில் வெடிக்காமல் புதைந்திருக்கும் விமானக் குண்டுகளைத் தேடுபவர்கள் நேரெதிராக, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்கும் மீட்டர் கணக்கிலான பெரிய சட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சட்டத்துக்குச் சின்ன ஆணிகள் கண்ணிலேயே படாது. குறை அல்ல, வேண்டியதே அதுதான். குண்டைத் தேடுபவருக்கு ஒவ்வொரு ஆணிக்கும் நின்றுகொண்டிருக்க நேரமில்லை. (மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள நிலத்துக்குப் பொழுதுபோக்குக் கருவியோடு போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல.)

வாங்கும் முன்

பல கருவிகள் 9 முதல் 11 அங்குலம் வரையுள்ள காயிலோடு வருவது தற்செயல் அல்ல. ஆழம், பிரிக்கும் திறன், எடை மூன்றும் ஒத்துப்போகும் அளவு அது. 2018-இல் வந்து பெயர்வாங்கிய எக்வினாக்ஸ் 800 கருவி 11 அங்குல டிடி காயிலோடு வந்தது, மொத்த எடை 1.34 கிலோ. முதல் பருவம் முழுக்கக் கருவியோடு வந்த காயிலையே ஓட்டுங்கள். ஒலிகளைக் காது பழகும் முன் காயிலை மாற்றினால், ஏற்கெனவே பாதி புரிந்த மொழி மறுபடி புரியாமல் போகும்.

எடையைக் கடைசியாக யோசிப்பது வழக்கம், முதலில் யோசிக்க வேண்டியது அது. தண்டின் நுனியில் கூடும் 200 கிராம், கைப்பிடியில் கூடும் 200 கிராமைப்போல் அல்ல. நெம்புகோலின் கடைசியில் தொங்கும் எடை அது, மணிக்கட்டும் தோளும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். கை தளர்ந்தால் காயில் தரையிலிருந்து ஐந்து செ.மீ. எழும்பித் திரியும். பெரிய காயில் தந்த மூன்று செ.மீ. லாபம் போய், இரண்டு செ.மீ. நஷ்டம்.

ஒரு கம்பெனியின் காயில் இன்னொன்றின் கருவிக்குப் பொருந்தாது. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும். ஆஸ்திரேலியாவின் காயில்டெக், உக்ரைனின் நெல், பல்கேரியாவின் டிடெக் போன்றவை வெவ்வேறு கம்பெனிக் கருவிகளுக்குக் காயிலைத் தனியாகச் செய்து விற்கின்றன. வாங்கும்போது மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், இணைப்பான் ஒத்துப்போகிறது என்பதற்காக மாட்டிவிடாதீர்கள். காயிலே இல்லாமல் ஆன்டெனா மட்டும் நீட்டிக்கொண்டு, 'பல மீட்டர் தூரத்தில் இருக்கும் தங்கத்தைக் காட்டும்' என்று விளம்பரம் செய்யும் கருவிகளைப் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள். மேலே சொன்ன 64-ஐ வைத்துப் பார்த்தாலே அது எவ்வளவு பெரிய புளுகு என்று தெரியும்.

பெரிய காயிலை நண்பர் யாராவது இரவல் தந்தால் வீட்டுத் தோட்டத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். முதலில் அந்த இடத்தைத் தேடி, இருக்கும் ஆணி, கம்பியை எல்லாம் எடுத்துவிடுங்கள். நாணயத்தை 10, 15, 20, 25 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளியில் புதைத்து அடையாளக் குச்சி நடுங்கள். 1 ரூபாய் நாணயம் வேண்டாம். அது காந்தத்தில் ஒட்டும் எஃகு, கருவி அதை இரும்புப் பக்கம் ஒதுக்கிவிடலாம். காந்தத்தில் ஒட்டாத 5 ரூபாய் நாணயம் நல்லது. அன்றே தோண்டி மூடிய மண் இறுகிய மண்ணைப்போல் நடக்காது, ஒரு மழை பெய்து மண் அமரும் வரை பொறுங்கள். பிறகு இரண்டு காயிலையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அடுத்து, 10 செ.மீ. நாணயத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி ஒரு துரு ஆணியைப் போட்டுவிட்டு, டிஸ்கிரிமினேஷனை ஏற்றி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.